ஆப்கன் குத்துவாள் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்: சூராவா, பேஷ்கப்ஸா, கைபர் கத்தியா?

ஏலப் பட்டியல்களில் ‘ஆப்கன் குத்துவாள், 18ஆம் நூற்றாண்டு’ என்று போட்டிருப்பதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்கும் பிறகோ செய்ததாக இருக்கும். விற்கிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த ஊர்க் கொல்லர்கள் ஒரே வடிவத்தைத் தலைமுறை தலைமுறையாக அடித்து வந்ததால், வடிவத்தைப் பார்த்து நூற்றாண்டைச் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

புதிதாக வாங்க இறங்குகிறவர் முன் பெரும்பாலும் மூன்று வகை வந்து நிற்கும்: சூரா, பேஷ்கப்ஸ், கைபர் கத்தி. மூன்றும் ஒருபக்கக் கூர் உள்ளவை. மூன்றிலும் அலகின் முதுகு தடித்து இருபுறமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ‘டி’ எழுத்து தெரியும். முதுகு பலம் கொடுப்பதால் அலகை மெல்லியதாகவே வைத்துக்கொள்ளலாம், குத்தும்போது வளையாது. இரும்பு வளையச் சட்டை போட்டுச் சண்டை போட்ட காலத்தில், அந்த வளையங்களைப் பிளந்து உள்ளே இறங்குவதற்கு இந்த அமைப்பு தேவைப்பட்டது. வளையச் சட்டை போன பிறகும் வடிவம் போகவில்லை.

என்னைக் கேட்டால், முதல் கத்தியாகத் தன் சொந்த உறையோடு இருக்கும் சூராவை வாங்கச் சொல்வேன். மற்ற இரண்டும் மட்டமானவை என்பதால் இல்லை. பேஷ்கப்ஸ் பெரும்பாலும் இதைவிட அழகான பொருள். முத்திரை போட்ட கைபர் கத்தி இதைவிடத் துல்லியமாகத் தேதி சொல்லும். ஆனால் வயதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள சூராவும் அதன் உறையும் சேர்ந்த ஜோடிதான் நல்ல பள்ளிக்கூடம். தப்பாகப் போனாலும் கையைக் கடிக்காது.

பேஷ்கப்ஸை முதலில் பார்த்துவிடலாம். பாரசீகத்தில் தொடங்கி ஆப்கானிஸ்தான், சிந்து, பஞ்சாப், வட இந்தியா வரை பரவிய வடிவம் இது. பிடிக்குக் கீழே அகலமாகத் தொடங்கி ஊசி போல முடியும். சிலவற்றில் அலகு ‘எஸ்’ போல இரட்டை வளைவு கொண்டது, சிலவற்றில் நேரானது. நல்ல பேஷ்கப்ஸில் மூசையில், அதாவது மூடிய மண் குடுவையில், உருக்கிய எஃகு இருக்கும். மேற்பரப்பில் நீரலை மாதிரி வரி ஓடும். அந்த எஃகில் கணிசமான பங்கு தென்னிந்தியாவிலிருந்து போனது. தெலங்கானாவின் கோனசமுத்திரத்தில் பாரசீக வணிகர்கள் வந்து எஃகுக் கட்டி வாங்கிப் போனதை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போன ஹென்றி வாய்சி என்ற நிலவியலாளர் எழுதி வைத்திருக்கிறார். கொங்கு நாட்டுக் கொடுமணலில் அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய இரும்பு, எஃகு வேலையின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

இந்த நீரலை வரிதான் பேஷ்கப்ஸின் விலையை ஏற்றுகிறது, ஆபத்தையும் அதுதான் கொண்டு வருகிறது. மூசை எஃகுத் தொழில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஏறக்குறைய அழிந்தே போனது. அதனால் உண்மையான நீரலை வரி இருந்தால் அலகு அதற்கு முந்தையது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். சிக்கல் எங்கே என்றால், இரண்டு மூன்று வகை இரும்பை அடுக்கி, முறுக்கி, அடித்து ஒட்டினாலும் வரி வரும். இன்றைய பாகிஸ்தானில், குறிப்பாக வசீராபாத்தில், இப்படி அடுக்கெஃகுக் கத்தி செய்வது பெரிய தொழில். அடுக்கெஃகில் வரி ஏணிப்படி போல, கண்கண்ணாக, ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும். கருப்பும் வெள்ளியும் பளிச்சென்று பிரிந்து தெரியும். மூசை எஃகில் வரி மிக நுண்ணியது, சாம்பல் மேல் சாம்பலாக மங்கலாக ஓடும், ஓரிடத்தில் இருப்பது இன்னோரிடத்தில் இருக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நாலைந்து உண்மையான அலகுகளை ஏதாவது அருங்காட்சியகத்திலோ ஏல முன்காட்சியிலோ பார்த்துவிட்டால் கண் பழகிவிடும். அது வரைக்கும் வரியை நம்பிப் பெரிய தொகை போடாதீர்கள்.

பேஷ்கப்ஸில் இன்னொரு தலைவலி, ‘ஆப்கன்’ என்ற பட்டம். முதுகிலும் பூணிலும் தங்கக் கம்பி இழைத்த கோஃப்த்காரி வேலை இருந்தால், அது பஞ்சாபின் சியால்கோட் அல்லது குஜராத் (மாநிலம் இல்லை, அதே பெயருள்ள பஞ்சாப் ஊர்) பட்டறையில் முடித்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1849இல் பஞ்சாபை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பிறகும், 1878இல் ஆயுதச் சட்டம் வந்த பிறகும், அந்தப் பட்டறைகளுக்கு ஆயுத வேலை குறைந்தது. தட்டு, பெட்டி, அலங்காரக் கத்தி என்று வெள்ளைக்காரர் வாங்கும் சாமானுக்குத் திரும்பினார்கள். அழகான பொருள்தான், ஆனால் பட்டியலில் எழுதிய பெயர் வேறு, பிறந்த ஊர் வேறு. உறை இல்லாமல் தனி அலகாக வரும் பேஷ்கப்ஸில் இதைப் பிரித்துச் சொல்ல உதவும் தடயம் பாதி போய்விடுகிறது. பேஷ்கப்ஸ்கள் பெரும்பாலும் உறை இல்லாமல்தான் வருகின்றன, அல்லது வேறொன்றின் உறையோடு வருகின்றன.

கைபர் கத்தி குத்துவாள் இல்லை, ஏறக்குறைய சிறு வாள். அரை மீட்டருக்கு மேல் நீளம், அகலமான அலகு, கைக்காப்பு கிடையாது. பிடி ஏறக்குறைய முழுவதும் உறைக்குள் மறைந்துவிடும். கொண்டை மட்டும் வெளியே தெரியும். இடுப்புத் துணியில் செருகிக்கொள்வதால் பெரும்பாலான உறைகளில் தொங்கவிடும் வளையமே இருக்காது. பழங்குடிப் பட்டறையில் செய்தவற்றில் தேதி இருப்பது அபூர்வம். ஆனால் ஒரு தனிப்பிரிவு இருக்கிறது: ஆப்கன் அமீர் அப்துர் ரஹ்மான் கான் (ஆட்சி 1880–1901) காலத்தில் காபூலில் தொடங்கிய மாஷீன் கானா என்ற அரசுப் பட்டறையில், படைக்காகச் செய்தவை. சால்ட்டர் பைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வந்து இயந்திரம் நிறுவிய பட்டறை அது. அங்கே செய்த கத்திகளில் கைக்காப்பு வைத்த பிடி உண்டு. அலகின் அடியில் மசூதி முகப்பும் உள்ளே மிஹ்ராபும் (தொழுகைத் திசை காட்டும் மாடம்) மிம்பரும் (உரை மேடை) தெரியும் அரசு முத்திரை, பக்கத்தில் ஹிஜ்ரி ஆண்டு.

தேதியே போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன குழப்பம் என்று தோன்றும். ஒரு குழப்பம் இருக்கிறது. 1315 என்று வெட்டியிருந்தால், சந்திர ஹிஜ்ரிப்படி அது 1897–98. சந்திர ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் நம் ஆண்டு ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் பின்னால் ஆண்ட அமானுல்லா கான் காலத்தில், அதாவது 1919க்குப் பிறகு, அரசு சூரியக் கணக்குக்கு மாறியது. அதில் 621தான் கூட்ட வேண்டும். அப்போது அதே 1315 என்பது 1936–37 ஆகிவிடும். கிட்டத்தட்ட நாற்பது வருட வித்தியாசம்! எண்ணை மட்டும் பார்க்காமல் முத்திரை யாருடையது, பிடியின் பாணி எந்தக் காலத்தது என்று சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். முத்திரைக் கோடுகளின் ஓரத்தையும் பாருங்கள். அச்சு வைத்து அடித்த முத்திரை ஒரே ஆழத்தில் இருக்கும், பழைய துருவும் அழுக்கும் குழியின் அடியில் படிந்திருக்கும். பின்னால் உளியால் கீறியதில் ஓரம் பிசிறடிக்கும், குழிக்குள் உலோகம் பளபளக்கும். கள்ள முத்திரை இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. பெஷாவருக்குத் தெற்கே இருக்கும் தர்ரா ஆதம் கேல் ஊரின் துப்பாக்கிப் பட்டறைகள் ஆங்கிலேய முத்திரைகளை எழுத்துப் பிழையோடு அப்படியே வெட்டிப் பழகியவை.

இனி சூரா. கைபர் கணவாயும் அதன் தெற்கே வசீரிஸ்தானும் இதன் நாடு. மஹ்சூத் என்ற பஷ்தூன் பழங்குடி மக்களோடு சேர்த்துப் பேசப்படும் கத்தி. மொத்த நீளம் முப்பது, முப்பத்தைந்து சென்டிமீட்டர் அளவு. அலகு நேராக, ஒடுங்கி, முக்கோணமாகக் கூராகும். பிடியின் கொண்டை ஒரு பக்கமாகப் பறவை மூக்கு மாதிரி நீளும். பிடியும் அலகும் சேரும் இடத்தில் பித்தளைப் பூண், அதில் செதுக்கு வேலை. பிடியின் இரு பக்கமும் எலும்பு, கொம்பு, தந்தம் அல்லது மரம் ஒட்டி ஆணி அடித்திருப்பார்கள். கிடைப்பவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியும் 20ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளும். 1878–80 ஆங்கிலேய–ஆப்கன் போர், திரா மலைப்பகுதி மீது 1897–98இல் நடந்த படையெடுப்பு, 1919 ஆங்கிலேய–ஆப்கன் போர், அதைத் தொடர்ந்த வசீரிஸ்தான் சண்டைகள் என்று போன ஆங்கிலேயப் படையினர் நினைவுப் பொருளாக எடுத்துப் போனவை ஏராளம். பிரிட்டனின் சிறு ஊர் ஏலங்களில் இன்றும் இவை தொடர்ந்து வருவதற்கு அதுதான் காரணம்.

சூராவைக் கையில் எடுத்தால் உடனே அலகை உருவாதீர்கள். உறைக்குள் இருக்கும்போதே பிடியைப் பாருங்கள். சூராவின் உறையும் பிடியின் ஒரு பகுதியைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். எலும்புப் பிடியாக இருந்தால், உறையின் வாய் எங்கே முடிகிறதோ அங்கே மெல்லிய கோடு ஒன்று தெரிய வேண்டும். கோட்டுக்கு மேலே கைபட்டு, வெளிச்சம் பட்டு, பழுத்த நிறம். கீழே வேறு நிறம், தோலின் சாயம் ஒட்டிக் கொஞ்சம் கருத்திருக்கும். உறையை மாட்டும்போது அந்தக் கோட்டில் தோலின் விளிம்பு அப்படியே போய் உட்கார்ந்தால், இரண்டும் பல பத்தாண்டுகள் சேர்ந்தே இருந்திருக்கின்றன. விளிம்பு கோட்டைத் தாண்டி நிற்கிறதா, அல்லது கோடே இல்லையா, அப்போது இந்த ஜோடியை யாரோ பின்னால் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு சோதனைக்காகவே எலும்புப் பிடி சூராவை நான் முதலில் பரிந்துரைப்பேன். கருங்கொம்பில் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

அடுத்து உறையைத் திருப்பித் தையலைப் பாருங்கள். உள்ளே இரண்டு மெல்லிய மரப்பட்டிகள், மேலே ஈரத் தோலை இழுத்துப் போர்த்திப் பின்பக்கம் தைத்திருப்பார்கள். கைத்தையலில் துளைகளுக்கு இடையே தூரம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், வளைவு வரும் இடத்தில் நெருங்கும். சீராக ஓடும் இயந்திரத் தையல் இருந்தால் உடனே போலி என்று தூக்கிப் போட வேண்டாம். தையல் இயந்திரம் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது, பழைய கத்திக்குப் பின்னால் புதுத் தோல் போர்த்தியும் இருக்கலாம். ஆனால் ‘1840’ என்று சொல்லி இயந்திரத் தையல் உறையைக் காட்டினால், உறைக்கு அந்த வயது இல்லை.

தோல் கிழிந்த இடம் ஏதாவது இருந்தால் அது அதிர்ஷ்டம். கிழிசலின் வெட்டு முகத்தை லென்ஸில் பாருங்கள். மரப்பட்டையில் பதப்படுத்திய தோல் உள்ளே வரைக்கும் பழுப்பாக இருக்கும். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோமியத்தில் பதப்படுத்தியது. வணிக அளவில் அந்த முறை 1880களுக்குப் பிறகுதான் பரவியது, மலைநாட்டுப் பட்டறைக்கு வந்து சேர இன்னும் காலம் ஆகியிருக்கும். பழைய பட்டைத் தோலில் விரலைத் தேய்த்தால் செங்காவித் தூள் ஒட்டும். இது தோலின் நோய், வயதின் அடையாளமும்கூட.

பித்தளையும் தோலும் தொடும் இடங்களில் பச்சையாக, மெழுகு போல ஒரு களிம்பு கசிந்திருக்கும். தோலில் இருக்கும் கொழுப்பு செம்போடு வினைபுரிந்து நாள்பட உண்டாவது அது. ஆணித்தலையைச் சுற்றி, உறையின் அடிப்பூண் விளிம்பில், தையல் துளைக்குள் என்று ஒளிந்து ஒளிந்து இருந்தால் நல்ல அறிகுறி. பூண் முழுவதும் ஒரே பச்சையாக, வெளிப்பக்கத்தில் மட்டும், காய்ந்த தூளாக இருந்தால், யாரோ இரசாயனம் பூசிப் பழசாக்கப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது அலகை உருவலாம். முதுகு பிடி அருகே தடித்து முனை நோக்கி மெலிய வேண்டும். நெடுக ஒரே தடிப்பாக இருந்தால், கடையில் வாங்கிய தகட்டை வெட்டிச் செய்தது. பலமுறை தீட்டிய அலகு ஒடுங்கிப் போயிருக்கும், உறைக்குள் கொஞ்சம் ஆடும். அது குறை இல்லை. ஆனால் அலகைவிட உறை நாலு விரல் நீளமாக இருந்தாலோ, நேர் அலகுக்கு வளைந்த உறை இருந்தாலோ, அந்த உறை வேறொரு கத்தியுடையது. டார்ச் அடித்து உறைக்குள் பாருங்கள்: கூர் உரசிய தடம் மரத்தில் கூர்ப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

பிடியின் எலும்பு காலப்போக்கில் சுருங்கும், பிடிக்குள் நீளும் அலகின் இரும்புக் காம்பு சுருங்காது. அதனால் பழைய பிடியின் ஓரத்தில் விரலை ஓட்டினால் காம்பு இம்மியளவு மேலே துருத்திக்கொண்டு தட்டுப்படும். எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகளும் கோடுகளும் உண்டு. யானைத் தந்தத்தின் குறுக்குமுகத்தில் வலைபோல் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். கடற்குதிரை என்று சிலர் எழுதும் வால்ரஸின் தந்தத்தில் உள்பகுதி பளிங்கு மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். இது எதுவும் இல்லாமல் ஒரே வழவழப்பாக, அச்சுக் கோடும் தெரிந்தால் பிளாஸ்டிக். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், நல்ல பிடியில் ஓட்டை விழுவதுதான் மிச்சம். நீலக்கல்லும் பவளமும் பித்தளைக் கம்பிக்குள் பதித்த, கண்ணைப் பறிக்கும் உறைகளைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. 1970களில் காபூலின் சிக்கன் ஸ்ட்ரீட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்ற ரகம். சுவரில் மாட்ட நன்றாக இருக்கும்.

கூடவே வரும் பழைய சீட்டை எப்படி எடுத்துக்கொள்வது? ‘திரா, 1897’ என்று சீட்டில் எழுதியிருந்தால், அந்த வருடத்துக்கு முன்பே கத்தி இருந்தது என்றுதான் பொருள். செய்த வருடத்தை அது சொல்லாது. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது என்றால் 1940களுக்குப் பிந்தைய சீட்டு, பேரன் கேள்விப்பட்டதை எழுதியிருக்கலாம். பொய் என்று ஆகாது, ஆனால் எடை குறைவு. படைவீரர் பெயரும் படைப்பிரிவும் இருந்தால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பட்டியல்களில் சரிபார்க்கலாம். அந்த வீரர் அந்தப் படையெடுப்பில் இருந்தார் என்பது உறுதியானால், அலகில் இருக்கும் எந்த வேலைப்பாட்டையும்விட அதற்கு நான் அதிகம் தருவேன்.

முத்திரைக் கைபர் கத்தியை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், ஊகமே வேண்டாம், ஆண்டு தெரிந்தால் போதும் என்கிறவருக்கு. அது படைப் பொருள், ஒன்றைப் போல இன்னொன்று, ஒருவர் இடுப்பில் வாழ்ந்த தடம் அதில் குறைவு. வீட்டில் வைக்க இடமும் வேண்டும். இந்தியாவில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் அலகு உள்ள ஆயுதம் என்றால் ஆயுதச் சட்டத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். குத்துவாள் என்றாலே அந்தப் பட்டியலில் வரும் என்பதால் சூரா வாங்குகிறவரும் விசாரிக்கத்தான் வேண்டும். நூறு வயது தாண்டியவற்றுக்கு 1972 தொல்பொருள் சட்டம் வேறு. பேஷ்கப்ஸ், நாலு வருடம் கழித்து, கண் பழகிய பிறகு.

பிடி யானைத் தந்தம் என்றால் எந்த வகையாக இருந்தாலும் நான் கையை எடுத்துவிடுவேன். இந்தியாவில் அந்த வியாபாரத்துக்கே தடை. பிரிட்டனில் 2018 தந்தச் சட்டத்தில் விலக்குகள் மிகக் குறைவு: 1947க்கு முந்தையதாகவும் தந்தம் மொத்தக் கன அளவில் 10 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் ஒரு வழி உண்டு, ஆனால் பிடியே தந்தமான சிறு குத்துவாள் அந்தக் கணக்குக்குள் அடங்குவது சிரமம். எலும்புப் பிடிக்கு இந்தத் தொல்லை இல்லை, விலையும் குறைவு, மேலே சொன்ன கோடும் அதில்தான் நன்றாகத் தெரியும்.

பேரம் பேசும்போது அலகையும் உறையையும் தனித்தனியாக மதிப்புப் போடுங்கள். உறை தன்னுடையது இல்லை என்று தெரிந்தால் அலகுக்கு மட்டும் விலை சொல்லுங்கள். ‘உறையும் பழசுதானே’ என்பார்கள், இருக்கட்டும். இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு படம் கேளுங்கள்: அலகை உருவி உறைக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தது ஒன்று, முழுவதும் செருகிய நிலையில் பிடியும் உறையின் வாயும் நெருக்கமாகத் தெரிவது ஒன்று. இந்த இரண்டையும் அனுப்பத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை.